ஓங்கிச் சாத்திய கதவு

அந்த வீட்டில் யாருக்கும் சண்டையை வாயால் முடிக்கத் தெரியாது. கதவால்தான் முடிப்பார்கள்.

எதிர் வரிசையில் குடியிருக்கும் எங்களுக்கு இதில் ஒரு வசதி. எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம். ஒரே அடியாக 'டமார்' என்று விழுந்தால் கீழ் வீட்டு அண்ணி. விழுந்து, திறந்து, மறுபடி விழுந்தால் மாடி வீட்டுத் தங்கை. முதல் தடவை சாத்தும்போது சொல்ல மறந்ததைச் சொல்லிவிட்டு இரண்டாவது தடவை சாத்துவாள். அண்ணனும், தங்கையின் புருஷனான மாப்பிள்ளையும் கதவைச் சாத்துவதே இல்லை. அவர்கள் எப்போதும் கதவுக்கு வெளியே நிற்பவர்கள்.

விட்ட இடத்தை மறந்தவர்களுக்கு இரண்டு வரி. தங்கை வாங்கிய புதுக் காருக்குள் மழை பெய்கிறது. முன் கண்ணாடியின் மேல் மூலையில் கசியத் தொடங்கும் தண்ணீர், ஓரமாக வழிந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்து, காலடியில் குளமாகத் தேங்குகிறது. அந்தக் காரை விற்ற ஷோரூமில் சர்வீஸ் மேலாளராக இருப்பவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன். "பார்த்துடலாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போவார். துடைத்து, காயவைத்து, வாசனைத் திரவியம் அடித்துத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த மழையில் வாசனையும் சேர்ந்து ஒழுகும்.

போன வாரம் தண்ணீர் ஒயருக்குள் இறங்கி, பாலத்தின் நடுவே கார் பொட்டென்று நின்றது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை என்கிறாள் தங்கை. அன்றே அண்ணனைத் தாண்டி, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டாள்.

இன்று அங்கிருந்து ஆள் வருகிறார். காரைச் சோதிக்க வருவதாகத்தான் பேச்சு.

காலையிலேயே மாடிப்படி சூடாகிவிட்டது. தங்கை படி இறங்கிக்கொண்டிருக்க, அண்ணி துடைப்பத்தோடு கீழே நின்றாள்.

"ஆள் வர்றாங்களாமே?"

"ஆமா. நல்லாப் பெருக்கி வைங்க. உங்க வீட்டுக்காரரோட மேலிடம் வருது."

"அண்ணன் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடுவே. அதை நான் பெருக்கணுமா?"

"மண்ணை நான் போடல அண்ணி. தண்ணியை அவர் ஊத்தினார்."

"கூடப் பிறந்தவளா நீ? முன்னப் பின்ன தெரியாத கஸ்டமர்கூட இப்படிப் பண்ண மாட்டான்."

"முன்னப் பின்ன தெரியாத கஸ்டமருக்கு இப்படிப்பட்ட காரைக் குடுத்திருக்கவே மாட்டார். தங்கச்சிதானே, வாயை மூடிக்கிட்டு நனைவான்னு குடுத்தார்."

"நனைஞ்சா என்ன இப்ப? கரைஞ்சா போயிட்டே?"

டமார்.

தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். மூடிய கதவைப் பார்த்து, "கரையல. அதுதான் உங்களுக்கு வருத்தம்," என்றாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலையைத்தான் செய்கிறாள் என்பது அண்ணி தெருவெல்லாம் சொல்லும் பேச்சு. நாங்களாகச் சொல்லவில்லை.

பக்கவாட்டுக் கதவைப் பூப்போலத் திறந்துகொண்டு அண்ணன் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் ஷோரூம் சிரிப்பு.

"உன் வருத்தம் எனக்குப் புரியுதும்மா. கண்டிப்பா கவனிக்கிறோம்."

"அண்ணா, அந்தக் கஸ்டமர் குரல்ல என்கிட்ட பேசாதே."

சிரிப்பு கழன்று விழுந்தது. "சரி. வீட்டுக் குரல்லயே சொல்றேன். ஷோரூம் தப்புன்னு அந்த ஆள் வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, நாளைக்கு எனக்கு வேலை இல்ல. இந்த வயசுல எவன் கூப்பிடுவான் என்னை?"

"பாலத்துல அந்த லாரிக்கு பிரேக் பிடிக்கலன்னா, எனக்கு நாளையே இல்ல. அதை யோசிச்சியா?"



மாப்பிள்ளை மெல்ல இறங்கி வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர். மழை நாளில் மடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்குவதால், கடையில் அவருக்குக் 'கப்பல் கேப்டன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று வானம் வெளுத்துக் கிடந்தும், பழக்க தோஷத்தில் விரிப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"மச்சான், காபி ஆச்சா?" என்றார். சண்டை நடக்கும் இடத்தில் அவருக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி அது.

கம்பெனிக்காரர் வெயில் ஏறியபிறகு வந்தார். உலகத்தில் உள்ள எல்லாப் புகாரும் பொய் என்று முடிவு கட்டிவிட்ட முகம். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவைத் திறந்ததும் ஊறிப்போன கால்விரிப்பின் நாற்றம் முகத்தில் அடித்திருக்க வேண்டும், மூக்கைச் சுருக்கினார். ஆனாலும் முகம் நம்பவில்லை.

"ஏசி தண்ணியா இருக்கும் மேடம்."

"ஏசி தண்ணி மேல் மூலையிலேருந்தா வரும்?"

"ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு இறங்கியிருப்பீங்க."

"நீங்க உள்ள உட்காருங்க சார். ஜன்னலை மூடிக்குங்க. தண்ணியை நான் அடிக்கிறேன்."

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் டார்ச் விளக்கோடு அவர் உட்கார்ந்தார். தங்கை தோட்டத்துக் குழாயைப் பிடித்து, கூரையில், கண்ணாடியில், ஓரத்தில் என்று பீய்ச்சினாள். வாசலெல்லாம் வெள்ளம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவர் டார்ச்சை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் கொட்டாவி விட்டார்.

கீழ் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அண்ணியின் முகம் மலர்ந்தது.

"என்ன, உள்ள மழை வரலையா? புகார் குடுத்துப் பாரேன், பயந்துகிட்டு வரும்."

"அண்ணி, உங்களை யாரும் கேட்கல."

"பாலத்துல நின்னுச்சாம்! ஓட்டத் தெரியாதவ கையில குடுத்தா பாலத்துலயும் நிக்கும், பந்தல்லயும் நிக்கும்."

தங்கை குழாயை ஜன்னல் பக்கம் திருப்புவாள் என்றே தெரு எதிர்பார்த்தது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம். வண்டி திரும்பி நிக்குது."

"என்ன?"

"நாம எப்பவும் தெருவைப் பார்த்துத்தானே நிறுத்துவோம்? இப்ப வீட்டைப் பார்த்து நிக்குதே."

அந்த வீட்டு வாசல், தண்ணீர் வடிவதற்காகக் கேட்டை நோக்கிச் சரிவாகக் கட்டப்பட்டது. தெருவைப் பார்த்து நிறுத்தினால் காரின் முகம் தாழ்ந்திருக்கும். கூரைத் தண்ணீர் அத்தனையும் முன் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஓடி வரும். வீட்டைப் பார்த்து நிறுத்தினால் முகம் தூக்கியிருக்கும். தண்ணீர் பின்பக்கமாக ஓடிவிடும். விடிந்தும் விடியாமலும் அண்ணன் ஷோரூம் மாற்றுச் சாவியோடு, செருப்பில்லாமல் வந்து காரைத் திருப்பி நிறுத்தியதைத் தெருவில் ஓரிருவர் பார்க்கத்தான் செய்தோம். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

தங்கை திரும்பிப் பார்த்தாள். அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நீதானா?"

"சாருக்கு இறங்க ஏற வசதியா இருக்கட்டுமேன்னு..."

"வசதியா! என்னங்க, எடுங்க சாவியை."

மாப்பிள்ளை வண்டியைத் திருப்பினார். கம்பெனிக்காரர் சலித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார். தங்கை குழாயை உயர்த்திய சிறிது நேரத்தில் உள்ளே ஒரு கூச்சல். கதவைத் திறந்து அவர் துள்ளி இறங்கியபோது, இடுப்பிலிருந்து முழங்கால்வரை கால்சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏசி தண்ணியா சார்?" என்றாள் தங்கை.

ஜன்னலில் இருந்த முகம் மறைந்தது.

நனைந்த மனிதர் புது மனிதராகிவிட்டார். முதல் முறையாகக் கண்ணாடி ஓரத்து ரப்பரை விரலால் நெம்பிப் பார்த்தார். டார்ச்சை உள்ளே விட்டார். பிறகு பக்கத்து ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் இருந்த சின்ன முத்திரைகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, முன் கண்ணாடி முத்திரைக்கு வந்து நின்றார்.

"இது வண்டியோட வந்த கண்ணாடி இல்ல மேடம். மத்ததெல்லாம் ஒரு ஜாதி, இது வேற. யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க. பசை இந்த மூலையில மட்டும் வாயைப் பிளந்திருக்கு பாருங்க. இது உள்ளேருந்து தள்ளின தள்ளு."

"உள்ளேருந்து யார் தள்ளுவாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"காத்துதான் சார். ஒட்டின பசை காயறதுக்குள்ள, ஜன்னலையெல்லாம் ஏத்தி வெச்சுட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினா, உள்ள இருக்கிற காத்துக்குப் போக வழி இருக்காது. ஈரப் பசைன்னா கண்ணாடியைத் தள்ளிடும். அதனாலதான் ஒட்டின அன்னிக்கு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்வோம்."

அவர் தங்கையை நேராகப் பார்த்தார்.

"ஓனர் நீங்க. நீங்க சொல்றதைத்தான் நான் மேல சொல்வேன். கண்ணாடியை நீங்க வெளியில மாத்திக்கிட்டீங்களா? அப்படின்னா புகார் இங்கேயே முடிஞ்சுது, நாங்க கை வைக்க மாட்டோம். வாங்கறதுக்கு முன்னாடியே ஷோரூம்ல மாத்தினதா? அப்படின்னா புது வண்டி தருவோம். ஆனா உங்ககிட்ட மறைச்சு வித்தவர் அதுக்கப்புறம் ஷோரூம் பக்கமே வர வேண்டியதில்ல. எது?"

வாசலில் குழாய் மட்டும் சளசளத்தது.

"யோசிச்சு வைங்க. இந்த ஈரத்தைக் கொஞ்சம் பார்த்துட்டு வந்துடறேன்," என்று அவர் காலை அகட்டி அகட்டி நடந்து, தெருமுனையில் நிறுத்தியிருந்த தன் வண்டிக்குப் போனார். மாப்பிள்ளை துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும்தான் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

"மச்சான், வண்டி எடுத்த அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்களே. ஜன்னலை இறக்கி வைங்க, கதவை மெதுவா சாத்துங்கன்னு."

சொன்னார்தான். தெருவே கேட்டது. புதுக் கார் வாசலில் நின்ற மாலை அது. புது வாசனை போய்விடக் கூடாதென்று தங்கை எல்லா ஜன்னலையும் ஏற்றி வைத்திருந்தாள். முதல் சவாரிக்கு அண்ணி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இது என் வீட்டுக்காரர் பார்த்துப் பொறுக்கின வண்டி" என்றாள். "ஓட்டப்போறது நான், பக்கத்துல என் வீட்டுக்காரர் உட்காரட்டும், இறங்குங்க" என்றாள் தங்கை. அண்ணி இறங்கினாள். அண்ணன் பதறி, "கதவை மெதுவாம்மா, மெதுவா" என்றார். அதுதான் அவர் செய்த பிழை. "ஏன், உங்க தங்கச்சி கார்னா தங்கத்துல பண்ணினதா?" என்று கேட்டுவிட்டு அண்ணி சாத்திய சாத்தில், கம்பத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. அன்றிலிருந்து அந்தக் காரில் அவள் கால் வைக்கவில்லை.

தங்கை குழாயைக் கீழே போட்டாள்.

"சொல்லு அண்ணா. ஏன் மெதுவா சாத்தச் சொன்னே?"

அண்ணன் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை மடிப்புக் கலைந்தது.

"ஷோரூம் பின்னாடி நிக்கும்போது ஏணி சாஞ்சு கண்ணாடி விரிஞ்சுபோச்சு. அன்னிக்குக் காலைலதான். வேற கண்ணாடி போட்டு ஒட்டினோம். அது காய ஒரு ராத்திரி விட்டிருக்கணும். நீ சாயந்திரமே வேணும்னு நின்னே."

"சாயந்திரமே வேணும்னுதான் கேட்டேன். உடைஞ்சதை ஒட்டிக் குடுன்னா கேட்டேன்?"

"சொன்னா நீ கத்துவே."

"அதுக்கு?"

"கஸ்டமர் கத்தினா நான் நாள் முழுக்க நின்னு கேட்பேன். நீங்க ரெண்டு பேரும் கத்தினாத்தான் எனக்குக் கை நடுங்குது."

"இத்தனை நாளா சென்ட் அடிச்சுக் குடுத்தியே, அப்ப நடுங்கலையா? பாலத்துல வண்டி நின்னப்பகூட 'பார்த்துடலாம்மா'ன்னியே, அப்ப?"

"நடுங்கிச்சு. சொல்லச் சொல்ல, சொல்ல முடியாம போயிடுச்சு."

"இன்னிக்கு வண்டியைத் திருப்பி வெச்சு என்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தே. உன்னை அண்ணான்னு கூப்பிட இனிமே எனக்கு நாக்கு வருமா?"

கீழ் வீட்டுக் கதவு திறந்தது. அண்ணி வந்தாள். ஜன்னலில் முகம் மறைந்ததே தவிர, காது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு, புருஷனைத் தாண்டி, நேராகக் காரிடம் போனாள். முன் கதவைத் தொட்டுப் பார்த்தாள், அடிபட்ட மாட்டைத் தொடுவதுபோல.

"அப்ப இதைப் பிளந்தது என் கைதானா?"

புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒட்டின கண்ணாடின்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ இவகிட்ட சொல்லிக் காட்டுவே," என்றார் அண்ணன், தரையைப் பார்த்து.

அதை மறுக்க அண்ணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"இங்க பாரு. அந்த ஆள் வந்ததும் சொல்லு. ரோட்டுல கல்லு தெறிச்சுது, வெளியில குடுத்துக் கண்ணாடி மாத்தினோம், எங்க அண்ணி திமிர் பிடிச்சவ, கதவை அடிச்சுச் சாத்தி உடைச்சுட்டான்னு சொல்லு. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கிறேன். தலையைக் குனிஞ்சுகிட்டே நிக்கிறேன், போதுமா?"

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"பாதிதான் பொய். திமிர் பிடிச்சவ, அடிச்சுச் சாத்தினா, அதெல்லாம் நிஜம்தானே. இத்தனை வருஷமா நீ சொல்ல ஆசைப்பட்டதுதானே?"

"சொன்னா எனக்குப் புது வண்டி வராது. இதே ஓட்டைக் கண்ணாடி. அடுத்த மழையில இதே பாலம்."

"மழை அன்னிக்கு எடுக்காதே."

"ரத்தம் குடுக்க வர்றவங்க மழை பார்த்தா வருவாங்க?" தங்கையின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "இப்ப நீங்க என்ன பண்றீங்க அண்ணி? கேட்டுக்கறீங்களா, உத்தரவு போடறீங்களா?"

அண்ணியின் உதடு அசைந்தது. கெஞ்சுவதற்கு உண்டான வார்த்தை அந்த வாயில் பழக்கமில்லாதது. வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு நின்றது.

"உன் அண்ணன்," என்றாள் கடைசியில். "வேலை இல்லாம வீட்டுல உட்கார்ந்தா செத்துப்போயிடுவார். அவருக்கு அந்தக் கஸ்டமர் குரலைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

அண்ணன் தலை நிமிரவில்லை.

"போதும்டி," என்றார். "அவ நிஜத்தைச் சொல்லட்டும்."

கேட் கிறீச்சிட்டது. கம்பெனிக்காரர் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். வேறு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தை வைத்தே தெரு ஒரு வாரம் சிரித்திருக்கும்.

"என்ன மேடம், யோசிச்சீங்களா? வெளியிலயா, ஷோரூம்லயா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். சொன்னபடியே அண்ணி காரின் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள்; அந்தத் தலை குனிந்து தெரு இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியின் மேல் மூலையிலிருந்து இன்னும் ஒரு சொட்டு திரண்டு, உள்பக்கமாக விழுந்தது.

"சொல்றேன் சார். உட்காருங்க."

அவ்வளவுதான். விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள். படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். புடவைத் தலைப்பு அவர் தோளில் உரசிக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பிளாஸ்டிக் விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மாடி வீட்டுக்குள் அவள் நுழைவது கீழிருந்து தெரிந்தது.

தெரு காதைத் தீட்டிக்கொண்டது. துணி உலர்த்தியவர்கள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றோம். வழக்கம்போல ஒரு தரம் டமார், திறந்து மறுபடி டமார் என்று விழ வேண்டும். அது விழுந்துவிட்டால் அண்ணன் கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும், கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடி விழப் போகிறவளைப்போல் தோளைக் குறுக்கினாள்.

கதவு மூடிக்கொண்டது. கண்ணால் பார்த்ததால் சொல்கிறோம். காதால் கேட்டிருக்க முடியாது. பச்சைக் குழந்தை தூங்கும் வீட்டில் சாத்துவதுபோல, அத்தனை மெதுவாக.

அந்த வீட்டில் அப்படி ஒரு கதவு சாத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணிக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை.